இறுகிப்போன மூடி

கடந்த நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பிற்பகலில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில், முன்சக்கரங்கள் இரண்டையும் சாய்தளங்களின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்த காரின் அடியில் மல்லாந்து படுத்தபடி, எண்ணெய் வடிகட்டியை அடைத்திருக்கும், உள்ளங்கையளவே உள்ள ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைத் திறக்க முயன்று மூன்று மணி நேரத்தைச் செலவிட்டேன். எஞ்ஜின் எண்ணெயை மாற்றுவது அரை மணி நேர வேலை என்று எண்ணித்தான் தொடங்கியிருந்தேன். இருட்டும் வேளையில் எழுந்தபோது மூடி இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் விளிம்புப் பட்டைகள் பாதி தேய்ந்திருந்தன. எஞ்ஜினில் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை. திங்கட்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு நான் வேலைக்குப் புறப்பட வேண்டியிருந்தது.

கார் 2010 ஆம் ஆண்டு ரொயோட்டா கொரொல்லா. 1.8 லீற்றர் எஞ்ஜின். சட்டக எண் 2 என்னும் இலக்கத்தில் தொடங்குவதால் கனடாவில் உருவான வாகனம் என்று அறியலாம். எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில், 401 ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய கேம்பிரிட்ஜ் நகரத் தொழிற்சாலையில் பிறந்தது. அதை நான் வாங்கியது இரண்டாவது உரிமையாளரிடமிருந்து. அவர் எண்ணெய் மாற்றுவதற்கு எப்போதும் பதினைந்து நிமிடத்தில் வேலையை முடித்துத் தரும் கடைகளுக்கே போயிருக்கிறார் என்பதை முன்பெட்டிக்குள் கிடந்த பற்றுச்சீட்டுகள் காட்டின. முதன்முறையாக என் கையாலேயே மாற்றுவோம் என்று நான் இறங்கியது பணத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டுமன்று. குளிர்காலத்தில் இந்த மாகாணத்துச் சாலைகளில் கொட்டப்படும் உப்பு காரின் வயிற்றை என்ன செய்திருக்கிறது என்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

என் முதற்பிழை வேலையின் வரிசையில் நேர்ந்தது. எல்லோரும் செய்வதுபோல முதலில் எண்ணெய்த் தொட்டியின் அடித்திருகாணியை 14 மில்லிமீற்றர் ஸ்பனரால் கழற்றி, பழைய எண்ணெய் நான்கு லீற்றரையும் தட்டில் வடியவிட்டேன். அதன் பிறகே வடிகட்டியின் மூடிக்குப் போனேன். மூடி அசையவில்லை என்று தெரிந்தபோது எனக்கு இருந்த வழிகளில் பெரும்பாலானவற்றை நானே அடைத்துவிட்டிருந்தேன். எண்ணெய் இல்லாத எஞ்ஜினை இயக்க முடியாது. இயக்க முடியாததால் காரை ஒரு கராஜுக்கு ஓட்டிச் செல்லவும் முடியாது, எஞ்ஜினைச் சூடாக்கி மூடியின் ரப்பரை இளக வைக்கவும் முடியாது. வாங்கி வைத்திருந்த புதிய எண்ணெயைப் பழைய வடிகட்டியின் ஊடாகவே ஊற்றி ஓட்டலாம் என்ற வழி ஒன்று எஞ்சியிருந்தது. ஆனால் இழுத்த இழுப்பில் மூடி எங்கேனும் வெடித்திருக்குமோ என்ற ஐயம் வந்த பிறகு அதைச் செய்ய மனம் இடம் தரவில்லை. எண்ணெயின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடம் அது. ஓடும்போது அங்கே வெடிப்பு விரிந்தால் சிறிது நேரத்தில் எஞ்ஜின் வறண்டுவிடும். வடிகட்டியின் மூடி சற்றேனும் இளகுகிறது என்பதை உறுதிசெய்த பிறகே அடித்திருகாணியைத் தொட வேண்டும் என்பது இப்போது என் வழக்கம். கால் சுற்று இளகினால் போதும். மூடியை மீண்டும் கையால் இறுக்கிவிட்டு எண்ணெயை வடிக்கத் தொடங்கலாம்.

இந்த மூடி என்ன வகையானது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. எஞ்ஜின் எண்ணெயை வடிகட்டும் கருவி 1923 இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்பவரால் பியூரொலேட்டர் என்ற பெயரில் உருவாக்கப்பட்டது. நெடுங்காலம் வடிகட்டிகள் ஒரு நிலையான கூட்டுக்குள் மாற்றத்தக்க உட்பொருளை வைக்கும் வடிவிலேயே இருந்தன. 1950களின் நடுப்பகுதியில் தகரக் குவளைக்குள் எல்லாவற்றையும் அடைத்து, முழுவதையும் திருகிப் பூட்டி, முழுவதையும் கழற்றி எறியும் வகை வந்தது. அரை நூற்றாண்டுக் காலம் மெக்கானிக்குகளின் கைகள் அந்தக் குவளைக்கே பழகின. பின்னர், ஒவ்வொரு முறையும் ஓர் இரும்புக் குவளையும் அதனுள் தேங்கிய எண்ணெயும் குப்பைக்குப் போவதைக் குறைக்கும் நோக்கத்தோடு, பல நிறுவனங்கள் மீண்டும் தாள் வடிகட்டியை மட்டும் மாற்றும் கூட்டு முறைக்குத் திரும்பின. என் கொரொல்லாவும் அந்த வகையைச் சேர்ந்தது. எஞ்ஜினோடு இணைந்த அலுமினியக் கூடு ஒன்று கீழ்நோக்கி வாய் திறந்திருக்கிறது. அதற்குள் தாள் வடிகட்டியைச் செருகி, கீழிருந்து பிளாஸ்டிக் மூடியைத் திருகி அடைக்க வேண்டும். மூடியின் நடுவில் தேங்கிய எண்ணெயை முன்கூட்டியே வடித்துவிடுவதற்கென ஒரு சிறிய வடிகால் திருகு இருக்கிறது.

தகரக் குவளைக்கும் இந்த மூடிக்கும் எண்ணெய் கசியாமல் அடைக்கும் முறையே வேறு. குவளையின் வாயில் தட்டையான ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அது எஞ்ஜினின் முகத்தைத் தொட்ட பிறகு கையால் ஏறத்தாழ முக்கால் சுற்றுத் திருகும்போது நசுங்கி அடைத்துக்கொள்ளும். அங்கே இறுக்கத்துக்கும் அடைப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சற்றே கசிந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்குவது பயன் தரும் என்பதால், அந்தப் பழக்கம் தலைமுறைகளாகக் கைமாறி வந்திருக்கிறது. கூட்டு முறையில் ஓ-ரிங் எனப்படும் உருண்ட ரப்பர் வளையம் மூடியின் பக்கவாட்டில் வெட்டப்பட்ட பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. மூடி உள்ளே ஏறும்போது அது கூட்டின் உட்சுவருக்கும் பள்ளத்தின் அடிக்கும் இடையே பக்கவாட்டில் நசுங்குகிறது. எவ்வளவு நசுங்க வேண்டும் என்பதைச் சுவரின் விட்டமும் பள்ளத்தின் ஆழமும் ஏற்கனவே தீர்மானித்துவிட்டன. மூடியின் தோள் கூட்டின் விளிம்பைத் தொட்டு நின்ற கணத்தில் அடைப்பு முழுமையடைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கொடுக்கப்படும் ஒவ்வொரு இழுப்பும் திருகுப் புரிகளையும் பிளாஸ்டிக்கையும் மட்டுமே வருத்துகிறது. கசிவைத் தடுப்பதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை.

அதனால்தான் தயாரிப்பாளர் இந்த மூடிக்கு விதித்திருக்கும் முறுக்கு விசை வெறும் 25 நியூற்றன் மீற்றர். அது எவ்வளவு என்பதை உணர, நெம்புகோல் பாடத்தில் படித்த கணக்கே போதும். 30 சென்ரிமீற்றர் நீளமான கைப்பிடியைப் படுக்கையாகப் பிடித்து அதன் நுனியில் நமது கடைகளில் விற்கும் 20 இறாத்தல் அரிசிப் பை ஒன்றைத் தொங்கவிட்டால், கிடைப்பது 25ஐச் சற்றே தாண்டிய விசை. நான் அந்தச் சனிக்கிழமை 45 சென்ரிமீற்றர் கைப்பிடியில், குறைத்து மதிப்பிட்டாலும் 30 கிலோ அளவுக்கு இழுத்திருப்பேன். அது 130 நியூற்றன் மீற்றரைத் தாண்டும். விதித்த அளவின் ஐந்து மடங்கு. அவ்வளவுக்கும் மூடி அசையாதபோது, இதை இறுக்கியவர் என்ன கருவியால் இறுக்கியிருப்பார் என்று திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணத்தில் கோபமும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பதினைந்து நிமிடத்தில் வேலையை முடித்து அனுப்புகிறவருக்கு அதே மூடியை அடுத்த முறை தானே திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மூடியின் சுற்றளவில் 14 பட்டைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் கவிழ்த்துப் பொருத்தும் கிண்ண வடிவ ரெஞ்ச் ஒன்று தேவை. ஏறத்தாழ 64 மில்லிமீற்றர் அளவு. நான் வைத்திருந்தது மெல்லிய தகட்டை அழுத்தி உருவாக்கிய மலிவான கிண்ணம். சாதாரண இறுக்கத்துக்கு அது போதும். ஆனால் விசை கூடும்போது தகடு விரிந்துகொடுக்கிறது. விரிந்த கிண்ணம் பட்டைகளின் முனைகளை மட்டும் பற்றி, அவற்றை மழுக்கிவிட்டு நழுவுகிறது. ஒருமுறை நழுவினால் அடுத்த முறை இன்னும் எளிதாக நழுவும். மூன்றாவது நழுவலில் என் விரல் முட்டி குறுக்குச் சட்டத்தில் மோதித் தோல் கிழிந்தது. அதன் பிறகு வார்ப்பட்டையால் இறுக்கும் ரெஞ்சைச் சுற்றிப் பார்த்தேன். எண்ணெய் பட்ட பிளாஸ்டிக்கில் அது வழுக்கிச் சுழன்றது. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு அடிக்கும் ஊடுருவு எண்ணெயை விளிம்பில் பீச்சிவிட்டுக் காத்திருந்ததும் வீண். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேர்ந்த இடத்தில் கரைப்பதற்குத் துரு ஏது?

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவின் மறுமுனையில் வசிக்கும் அண்ணை ஒருவரைப் போய்ப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். இங்கே வந்த பிறகு பாரவூர்திகளைத் திருத்தி ஓய்வு பெற்றவர். பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் தட்டுப்பட்ட தொண்ணூறுகளில், மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். காரின் அடியில் தலையை நீட்டிப் பார்த்தவர், இந்த அமைப்பைப் புதிது என்று நான் சொன்னதை ஏற்கவில்லை. மொறிஸ் மைனரின் வடிகட்டியும் இப்படித்தான் இருக்கும் என்றார். எஞ்ஜினின் பக்கத்தில் ஓர் இரும்புக் கிண்ணம், நடுவே நீண்ட போல்ட், உள்ளே மாற்றத்தக்க வடிகட்டி, கிண்ணத்தின் விளிம்பு போய் உட்காரும் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம். பழைய வளையத்தை ஊசியால் கிண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்துப் பூட்டினால் எண்ணெய் பீறிடும். வளையமே கிடைக்காத நாட்களில் பழையதைக் கழுவித் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அந்த போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கிப் புரியை அறுத்துவிட்டால், அதற்கு மாற்று யாழ்ப்பாணம் முழுவதும் தேடினாலும் கிடைக்காது. ஆகவே இறுக்கும் கையைத்தான் முதலில் பழக்குவார்களாம், கழற்றுவதைப் பிறகுதான் சொல்லித் தருவார்களாம்.

என் தகட்டுக் கிண்ணத்தை எடுத்துப் பார்த்து அதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "தம்பி, உமக்குப் பலம் காணாமல் இல்லை. பிடிதான் காணாது" என்றார்.

நேரே உதிரிப்பாகக் கடைக்குப் போய், வார்ப்பு அலுமினியத்தில் செய்த தடித்த கிண்ண ரெஞ்ச் ஒன்றை வாங்கி வந்தோம். மழுங்கிய பட்டைகளின் மேல் அதுவும் சற்றே ஆடியது. அண்ணை உப்புத்தாளைக் குறுகிய துண்டாகக் கிழித்து, மணல் பக்கம் பிளாஸ்டிக்கைப் பார்க்கும்படி மூடியைச் சுற்றி வைத்து, அதன் மேல் கிண்ணத்தை மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி ஏற்றினார். ஆட்டம் நின்றது. நான் முதல் நாள் பயன்படுத்திய நீண்ட இணைப்புத் தண்டைக் கழற்றிவிட்டு, கைப்பிடியைக் கிண்ணத்தை ஒட்டியே மாட்டச் சொன்னார். தண்டு நீண்டால் இழுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிண்ணத்தைக் கவிழ்க்கப் பார்க்கும். அதுவே நழுவலுக்குப் பாதிக் காரணம். அடுத்ததாக, சிறிய ஜாக்கியை மூடிக்கு நேர் கீழே வைத்து, ஒரு மரத்துண்டை இடையில் கொடுத்து, கிண்ணம் கீழே நழுவ இடமில்லாதபடி மெல்லத் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் உயர்த்தினார். காரைத் தூக்குவதற்காக அன்று. கிண்ணத்தைத் தாங்குவதற்காக மட்டும். இதில் ஓர் அழுத்து அதிகமானாலும் கூடு உடையும் என்பதால், அந்த வேலையை என்னிடம் தராமல் அவரே செய்தார்.

வெளியே நான்கு பாகை வெப்பம்தான் இருந்தது. எஞ்ஜினைச் சூடாக்க முடியாத நிலையில், வீட்டிலிருந்து கொதிநீரில் நனைத்த துணிகளைக் கொண்டுவந்து கூட்டையும் மூடியின் விளிம்பையும் கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி ஒற்றினோம். குளிரில் கல்லாய் விறைத்திருக்கும் ரப்பர் சற்றே இளகினாலும் போதும் என்பது எண்ணம். நெருப்பையோ சூட்டுக்காற்றுத் துப்பாக்கியையோ அங்கே காட்டக்கூடாது. எண்ணெய் ஊறிய இடம் என்பது ஒருபுறம் இருக்க, பிளாஸ்டிக் மூடி இளகி வளைந்தால் பிறகு எந்தக் கிண்ணமும் அதைப் பற்றாது.

பிறகு இழுப்பு. முதல் நாள் நான் செய்தது, கைப்பிடியில் தொங்கி உடற்பாரத்தை எல்லாம் அதன் மேல் தொடர்ச்சியாக ஏற்றியது. அண்ணை சொன்ன முறை வேறு. இடக்கையால் கைப்பிடியின் தலையைக் கிண்ணத்தோடு சேர்த்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டு, வலக்கையின் அடிப்பகுதியால் கைப்பிடியின் நுனியைக் குறுகிய, வெடுக்கென்ற தட்டுகளாக அடிக்க வேண்டும். ஒவ்வொரு தட்டும் ஒட்டியிருக்கும் ரப்பரைச் சிறிது சிறிதாகப் பிரிக்கும்; புரிகளில் உள்ள உராய்வும் அசையத் தொடங்கினால் குறையும். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை அவர் என்னை வாய்விட்டுச் சொல்ல வைத்தார். கீழிருந்து மூடியைப் பார்த்தபடி இடஞ்சுழியாக. காரின் மேலே நின்று கற்பனை செய்துகொண்டு அடியில் படுத்திருப்பவர்கள் திசையைத் தவறவிட்டு மேலும் இறுக்கிவிடுவது உண்டு என்றார். நான் முந்திய நாள் ஒருகணமேனும் அப்படிச் செய்திருக்கமாட்டேன் என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ தட்டில், உலர்ந்த மரக்கிளை முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மூடி உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். அண்ணை கையை நீட்டிக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்து, "வந்திட்டுது" என்றார். இரண்டு விரல் அகலத்துக்குக் கிண்ணம் திரும்பியிருந்தது. அதற்குப் பிறகு வெறுங்கையாலேயே சுழன்று வந்தது.

மூடியைத் துணியில் வைத்துத் துடைத்துப் பார்த்தபோதுதான் நடந்தது என்ன என்று விளங்கியது. உள்ளே இருந்த தாள் வடிகட்டி பெரிய பழுதில்லாமல், ஒரு சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதன் நிறத்தோடு இருந்தது. ஓ-ரிங் அப்படி இல்லை. உருண்டையாக இருக்க வேண்டிய வளையம் சதுர வெட்டுமுகத்தோடு தட்டையாகிக் கண்ணாடி வளையலைப்போல விறைத்திருந்தது. பள்ளத்திலிருந்து எடுக்கும்போது மூன்று துண்டுகளாக முறிந்தது. தாளை மாற்றியவர்கள் வளையத்தை மாற்றவில்லை. அது பல முறை அப்படியே திரும்பிப் போயிருக்க வேண்டும். தாள் வடிகட்டி வரும் பெட்டிக்குள்ளேயே மூடிக்கான பெரிய வளையமும் வடிகால் திருகுக்கான சிறிய வளையமும் இருக்கின்றன. தனியாக விலை கொடுக்க வேண்டியதில்லை. அவற்றைப் பள்ளத்தில் மாட்டி, புதிய எண்ணெயில் விரலைத் தோய்த்துச் சுற்றித் தடவ ஒரு நிமிடம் ஆகும். அந்த நிமிடத்தைத் தவிர்த்தவர், விறைத்த வளையத்தின் ஓரமாக எண்ணெய் கசிவதைக் கண்டிருப்பார். தகரக் குவளைக்குப் பழகிய கை, கசிவைக் கண்டதும் இன்னும் இறுக்கியிருக்கும். பழைய வளையமும் அதிக இறுக்கமும் ஒன்றுக்கொன்று துணைபோகும் இரட்டைப் பிழை என்பது என் முடிவு. எண்ணெய் தடவாமல் உலர்ந்த வளையத்தைத் திருகினால் அது பள்ளத்திலிருந்து பிதுங்கி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

மூடியை ஒளியில் தூக்கிப் பார்த்தபோது, வடிகால் திருகின் ஓட்டையிலிருந்து ஒரு பட்டையின் அடிவரை தலைமுடிபோல ஒரு கோடு ஓடியிருந்தது. அதை உண்டாக்கியது என் இழுப்பா, முன்னையவரின் இறுக்கமா என்று சொல்ல வழியில்லை. எதுவாயினும் அந்த மூடியை மீண்டும் பூட்ட முடியாது. கூட்டின் அலுமினியப் புரிகள் தப்பியிருந்தன. அதுவே பெரிய ஆறுதல், ஏனெனில் மூடி சிறு செலவு, கூடு பெருஞ்செலவு. கடையில் அலுமினியத்தால் செய்த மாற்று மூடியும் கிடைத்தது. பார்க்க உறுதியாகத்தான் இருந்தது; ஆயினும் நான் பிளாஸ்டிக் மூடியையே கேட்டு வாங்கினேன். யாராவது ஒருநாள் மீண்டும் அளவு மீறி இறுக்கினால், கெட்டுப்போவது மலிவான மூடியாக இருக்கட்டும், எஞ்ஜினோடு சேர்ந்த கூடாக இருக்க வேண்டாம் என்பது என் கணக்கு. அலுமினியத்தோடு அலுமினியம் உரசும்போது புரிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இயல்பும் அந்த உலோகத்துக்கு உண்டு.

சிலர் தகரக் குவளை வடிகட்டி இறுகிவிட்டால் திருப்புளியை அதன் வயிற்றில் அடித்துக் குத்தி, அதையே நெம்புகோலாக்கித் திருப்புவார்கள். குவளை எறியப்படும் பொருள் என்பதால் அங்கே அது செல்லும். இந்த மூடியில் அதைச் செய்யவே கூடாது. பெரிய குழாய் ரெஞ்சால் கவ்விப் பிழிவதும் மூடியை நீள்வட்டமாக்கி மேலும் இறுகப் பிடிக்க வைக்கும். மின்கலத்தில் இயங்கும் சிறிய அடிவிசை ரெஞ்சை (இம்பாக்ட் ரெஞ்ச்) குறைந்த அளவில் வைத்துக் கழற்றும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். தட்டித் தட்டி இளக்கும் அதே தத்துவம்தான் என்பதால் கழற்றுவதற்கு அது பயன்படலாம். பூட்டுவதற்கு அதைக் கையிலெடுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். இந்தக் காரின் மூடிக்கு நேர்ந்ததும் அதுவாகவே இருக்கக்கூடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நீண்ட கைப்பிடியால் பக்கவாட்டில் இழுப்பவர் காரையே அசைக்கிறார். வெறும் ஜாக்கியில் நிற்கும் காரின் அடியில் எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. தாங்கிகளில் நிற்கும் காரும் இத்தகைய இழுப்புக்கு இடம்பெயரலாம். நான் சாய்தளங்களைப் பயன்படுத்தி, பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டைகள் வைத்து, கைத்தடையைப் போட்டிருந்தேன். அப்படியிருந்தும் சனிக்கிழமை நான் உடற்பாரம் முழுவதையும் கொடுத்து இழுத்த வேளைகளில் கார் மெல்ல ஆடியதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதைக்கிறது.

புதிய மூடியைப் பூட்டியது பத்து நிமிட வேலை. கூட்டின் உட்சுவரைத் துணியால் துடைத்து, பழைய வளையத்தின் துண்டு எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்பதை விரலால் தடவி உறுதிசெய்தேன். முறிந்த மூன்று துண்டுகளையும் ஒரு காகிதத்தில் சேர்த்து வைத்து, முழு வட்டம் ஆகிறதா என்று பார்த்தேன், ஆயிற்று. புதிய வளையம், எண்ணெய், கையால் கடைசிவரை திருகல், அதன்பின் முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டோர்க் ரெஞ்ச், 25இல் வைத்து. அது 'கிளிக்' என்றபோது நான் ஏமாந்துபோனேன் என்றே சொல்ல வேண்டும். இவ்வளவுதானா என்று தோன்றியது. கை தானாக இன்னும் ஒரு இழுப்புக் கொடுக்கப் பார்த்தது. அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். எண்ணெய்த் தொட்டியின் திருகாணிக்கு 37. எண்ணெய் 4.2 லீற்றர். எஞ்ஜினை இயக்கி, ஐந்து நிமிடம் விட்டு, உலர்ந்த வெள்ளைத் தாளை மூடியின் கீழே ஏந்திப் பார்த்தோம். ஒரு புள்ளியும் விழவில்லை. வெள்ளை மையால் மூடியின் அடியில் 25 என்று பெரிதாக எழுதி, அதிலிருந்து கூட்டின் விளிம்புவரை ஒரு கோடும் இழுத்துவிட்டேன். எதிர்காலத்தில் காரின் அடியில் படுக்கப்போகும் எவருக்கும் அந்த எண் கண்ணில் படட்டும் என்பதற்காக. பழைய எண்ணெயைக் குடுவையில் அடைத்து நகரசபையின் கழிவு ஒப்படைப்பு நிலையத்துக்கு எடுத்துச் சென்றேன்.

ஏப்ரலில் மீண்டும் எண்ணெய் மாற்றினேன். இம்முறை எஞ்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பான நிலையில், அடித்திருகாணியைத் தொடாமல் நேரே மூடிக்குப் போனேன். முதலில் நடுவில் உள்ள வடிகால் திருகைக் கழற்றி, உள்ளே தேங்கியதை வடித்துவிட வேண்டும் என்பது முறை. ரச்செட்டை அதன் சதுரக் குழியில் செருகித் திருப்பியபோது, திருகு அசையாமல் அதோடு சேர்ந்து மூடி முழுவதும் சுழன்று வந்தது. சூடான எண்ணெய் மணிக்கட்டு வழியாக முழங்கைவரை ஓடியது. மூடி இருந்த இறுக்கம் சரியானதுதான். திருகு அதைவிட இறுகியிருந்தது. அந்தத் திருகுக்கு விதித்த அளவு 13 நியூற்றன் மீற்றர். நவம்பரில் என் டோர்க் ரெஞ்சின் அளவுகோல் 20இல்தான் தொடங்கியது என்பதால், மூடியை அளந்து பூட்டிய நான் திருகை மட்டும் கைக்கணக்கில் இறுக்கியிருந்தேன். 13 என்று என் கை நினைத்தது 25ஐத் தாண்டியிருக்கிறது.

மூடியைக் கழற்றி மேசையில் வைத்து, கிண்ணத்தால் பிடித்துக்கொண்டு திருகைத் தனியே எடுத்தேன். புரிக்குச் சேதம் இல்லை. சிறிய வளையம் ஓரிடத்தில் நசுங்கி மெலிந்திருந்தது. பெரிய வளையம் நவம்பரில் மாட்டியபோது இருந்தது போலவே மிருதுவாக வந்தது. அன்று மாலையே 5 முதல் 25 வரை அளக்கும் சிறிய டோர்க் ரெஞ்ச் ஒன்றை வாங்கி வந்து, திருகை 13இல் பூட்டி, அதன் பக்கத்தில் அந்த எண்ணையும் வெள்ளை மையால் எழுதினேன்.